35 டன் மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நானும் என் மைத்துனரும் சேர்ந்து விறகுத் தொழில் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. தோப்பு அழிக்கிற இடத்திலும், காற்றில் சாய்ந்த மரத்தை அகற்றுகிற இடத்திலும் கட்டை வாங்குகிறோம். எங்களிடம் இருப்பது ஒரு பழைய செயின்சா, இரண்டு கோடாலி, 45 குதிரைத்திறன் டிராக்டர், ஒரு டிரெய்லர். நாள் முழுக்கப் பிளந்தாலும் கேட்கிறவர்களுக்குக் கொடுத்து முடியவில்லை. இருவருக்கும் இடுப்பு போய்விட்டது. விறகு புகைகிறது என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பியும் விட்டார்கள். கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். 35 டன் விசையோடு ஆயில் அழுத்தத்தில் கட்டையைப் பிளக்கிற ஹைட்ராலிக் ஸ்பிளிட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மைத்துனரோ, கடன் வாங்கியாவது அறுத்துப் பிளந்து கொட்டுகிற புராசஸரையே வாங்கிவிடலாம் என்கிறார். எதை முதலில் வாங்குவது? ஸ்பிளிட்டர் வந்தால் ஒருவர் கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் லிவரைப் போட என்று சேர்ந்து வேலை செய்தால் சீக்கிரம் முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்டது 'இடுப்பு போய்விட்டது' என்ற வார்த்தையைத்தான். கோடாலி வீசுவதால் தோளும் உள்ளங்கையும்தான் முதலில் வலிக்கும். இடுப்பு போவது குனிந்து எடுப்பதால். அதனால் மெஷின் பேச்சை ஆரம்பிக்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கே ஒரு கட்டையைத் தேர்ந்து, அதில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, அது உங்கள் இடத்துக்கு வந்ததில் இருந்து வாங்குகிறவர் கையில் போய்ச் சேரும் வரை எத்தனை முறை தொடுகிறீர்கள் என்று எண்ணுங்கள்.

நான் தொழில் தொடங்கி மூன்றாவது வருஷம்தான் இதை எண்ணிப் பார்த்தேன். டிரெய்லரில் இருந்து தள்ளுவது 1. அறுக்க வசதியாக உருட்டுவது 2. அறுத்த முண்டுகளை ஒதுக்குவது 3. பிளக்கிற இடத்துக்குக் கொண்டுபோவது 4. தூக்கி நிறுத்துவது 5. பாதியாகப் பிளந்ததைக் குனிந்து எடுத்து மறுபடி வைப்பது 6. குவியலில் எறிவது 7. குவியலில் இருந்து அட்டி (விறகு அடுக்கு) போடுகிற இடத்துக்குச் சுமப்பது 8. அடுக்குவது 9. காய்ந்த அட்டியைப் பிரித்து வண்டியில் ஏற்றுவது 10. கொண்டுபோய் இறக்குவது 11. ஒரு டன் விறகு விற்க நான் 11 டன் தூக்கிக்கொண்டிருந்தேன். இந்த 11-இல் ஸ்பிளிட்டர் எளிதாக்குவது ஐந்தாவதையும் ஆறாவதையும் மட்டும்தான். மிச்சம் ஒன்பதும் அப்படியே இருக்கும். மெஷின் வந்த பிறகு வேகமாக வந்து விழுகிற விறகை அள்ளுகிற வேலை இன்னும் கூடும்.

ஆகவே எந்தச் சாமானைப் பார்த்தாலும் 'இது எத்தனை தொடுகையைக் குறைக்கும்?' என்று கேளுங்கள். நான் கீழே சொல்வது எல்லாமே அந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் செயின்சா. பழையது என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை சி.சி. என்று எழுதவில்லை. தினமும் விறகு அறுக்க 50 முதல் 60 சி.சி. வரை உள்ள மெஷினும் 40 முதல் 50 செ.மீ. பாரும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) போதும். அதற்கு மேல் போனால் எடைதான் கூடும், சாயங்காலம் கை நடுங்கும். பணம் இருந்தால் இதே மாடலில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் தொழில் நிற்காது, செயின், பார், பிளக் எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும்.

ஆனால் புது மெஷின் வாங்குவதை விட அரம் பிடிக்கக் கற்றுக்கொள்வது பெரிய லாபம். நான் பழுது பார்க்க வாங்கிய செயின்சாக்களில் 'இழுவை இல்லை' என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. செயின் மழுங்கியிருக்கும். தூளைப் பார்த்தாலே தெரியும். கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும், அள்ளினால் விரலிடுக்கில் நிற்கும். மழுங்கிய செயின் மாவாக உதிர்க்கும். மாவாக வர ஆரம்பித்த பிறகும் அழுத்தி அறுக்கிறவர் பெட்ரோலையும் பாரையும் தன் மணிக்கட்டையும் சேர்த்தே தேய்க்கிறார்.

அரம் போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செயினின் பிட்ச் (கண்ணி இடைவெளியின் அளவு, அங்குலத்தில்) என்ன என்று பாருங்கள். .325 என்றால் 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 முழு அளவுச் செயின் என்றால் 5.5 மி.மீ. பல்லின் மேல் விளிம்பில் பெரும்பாலும் ஒரு கோடு போட்டிருப்பார்கள், 30 டிகிரி அளவில். அந்தக் கோட்டுக்கு இணையாக, உள்ளிருந்து வெளியே, ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக்கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் ஐந்து என்று போட்டால் மெஷின் நேராக இறங்காது, கட்டைக்குள் வளைந்து போகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல் தேயத் தேய அந்த மேடு ஒப்பீட்டில் உயர்ந்துகொண்டே வரும். பல்லின் விளிம்பை விட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதை அளக்க ஒரு சின்னத் தகடு உண்டு, விலை மிகக் குறைவு. தட்டை அரத்தால் ஓரிரு தள்ளு போதும். நிறையத் தேய்த்துவிட்டால் பல் ஆழமாகக் கடித்து மெஷின் உதறும். டேங்க் காலியாகும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம் ஒதுக்கி அரம் போட்டுவிடுங்கள். மண் பட்டுவிட்டால் டேங்க் காலியாகும் வரை காத்திருக்க வேண்டாம், அந்த நொடியே நிறுத்திச் செயினை மாற்றுங்கள். கூர் தீட்டிய செயின் நாலைந்து பையிலேயே இருக்கட்டும்.

மண் படாமல் இருக்கவும் குனியாமல் இருக்கவும் ஒரே வழி, கட்டையைத் தரையில் வைத்து அறுக்காமல் இருப்பது. இடுப்பு உயரத்தில் எக்ஸ் வடிவக் கால்கள் வைத்த ஒரு அறுவைத் தாங்கியை நீங்களே வெல்டிங் செய்துகொள்ளலாம். மெல்லிய கட்டைகளை ஐந்தாறு சேர்த்துப் படுக்க வைத்து, ஒரே இறக்கில் அறுத்துவிடலாம். பருத்த கட்டைக்கு நெம்புகோலும் கொக்கியும் சேர்ந்த உருட்டுக்கோல் வாங்குங்கள். அதிலேயே ஒரு கால் வைத்தது கிடைக்கும், கட்டை தரையில் இருந்து ஒரு சாண் எழும்பி நிற்கும். இதெல்லாம் மெஷின் கணக்கில் வராத சாமான்கள். அதனாலேயே யாரும் வாங்குவதில்லை. தொடுகைக் கணக்கில் பார்த்தால் போட்ட பணத்துக்கு அதிகம் திருப்பித் தருவது இவைதான்.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். வாங்குகிறவர் அடுப்புக்கு ஏற்ற அளவில் ஒரு குச்சியை வெட்டி வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு அறுங்கள். நீளம் ஒரே சீராக இருந்தால் அட்டி சரியாது, வண்டியில் நிறைய ஏறும், திரும்பி வருகிற விறகும் குறையும். அப்புறம், செயின்சாவைக் கையில் எடுக்கிற எவருக்கும் கண்ணாடி, காது மூடி, ஹெல்மெட், செயின் தடுப்புக் கால்சட்டை கட்டாயம். அந்தக் கால்சட்டைக்குள் நீள நீளமான இழைகள் இருக்கும். செயின் பட்ட உடனே அவை வெளியே வந்து பல்சக்கரத்தைச் சுற்றி மெஷினையே நிறுத்திவிடும். பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது முட்டினால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அறுக்கிற கட்டைக்குப் பின்னால் இன்னொரு கட்டை கிடக்கிறதா என்று பார்க்காமல் பாரை உள்ளே விடாதீர்கள்.

இப்போது ஸ்பிளிட்டருக்கு வருவோம். 35 டன் என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே கணக்குப் போடலாம். சிலிண்டரின் உள் விட்டம், பம்பின் அழுத்தம் இரண்டையும் கேளுங்கள். 10 செ.மீ. விட்டம் என்றால் பிஸ்டன் முகத்தின் பரப்பு 78.5 சதுர செ.மீ. பம்பின் அழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்; 200 பார் அழுத்தம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 204 கிலோ. பெருக்கினால் 16 டன். 12.5 செ.மீ. விட்டமாக இருந்தால் அதே அழுத்தத்தில் 25 டன். 10 செ.மீ. சிலிண்டரை வைத்துக்கொண்டு ஒருவர் 35 டன் என்றால் அந்த மெஷினில் 430 பாருக்கு மேல் அழுத்தம் இருக்க வேண்டும். சின்ன ஸ்பிளிட்டர்களில் வைக்கிற பம்பும் வால்வும் ஹோஸும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. நானே ஒரு முறை பெரிய எண்ணைப் பார்த்து மெஷின் வாங்கிவிட்டு, பிறகு அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது எழுதியிருந்ததில் பாதிதான் வந்தது. அந்த மெஷின் ஒன்பது வருஷம் உழைத்தது, பெரும்பாலான கட்டைகளை அந்தப் பாதியே பிளந்தது. நேரான நாருள்ள கட்டைக்கு 8, 10 டன்னே தாராளம். கணுவும் முறுக்கும் உள்ளதற்குத்தான் 16, 20 தேவைப்படும்.

உங்கள் நாளைத் தீர்மானிப்பது டன் இல்லை, சிலிண்டரின் தண்டு போய்த் திரும்பி வரும் நேரம். 10 செ.மீ. விட்டம், 60 செ.மீ. நீளம் போகிற சிலிண்டரை நிரப்ப 4.7 லிட்டர் ஆயில் வேண்டும். நிமிஷத்துக்கு 40 லிட்டர் தள்ளுகிற பம்ப் என்றால் முன்னே போக 7 நொடி. அதே பம்பில் 12.5 செ.மீ. சிலிண்டர் போட்டால் 11 நொடி. டன் கூடும்போது வேகம் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை லிவரைத் தள்ளுகிறவருக்கு இந்த 4 நொடி ஒரு மணி நேரத்துக்கு மேல். இரட்டை நிலைப் பம்ப் உள்ள மெஷினையே தேடுங்கள். சும்மா நகரும்போது நிறைய ஆயிலைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளும், கட்டையில் ஆப்பு முட்டி அழுத்தம் 40 பார் வாக்கில் ஏறியதும் கொஞ்ச ஆயிலை முழு அழுத்தத்தில் தள்ளும். அப்படிப்பட்ட 40 லிட்டர் பம்பை 6 குதிரைத்திறன் இன்ஜினே ஓட்டிவிடும். தண்டு முழுக்கத் திரும்பி வராமல், உங்கள் கட்டை நீளத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி ஒரு தடுப்புக் காலரும் போட்டுக்கொண்டால் இன்னும் சில நொடி மிச்சம்.

பிளக்கிற மேடையின் உயரத்தை நேரில் நின்று பாருங்கள். உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தட்டு இருக்க வேண்டும், பாதியாகப் பிளந்தது அதில் தங்கும், கீழே விழாது. அந்தத் தட்டு ஒன்றே என் எண்ணிக்கையில் ஆறாவதை ஏறக்குறைய அழித்துவிட்டது. தட்டு இல்லாத மெஷின் 35 டன்னாக இருந்தாலும் உங்கள் இடுப்புக்கு அது கோடாலியைவிடப் பெரிதாக எதுவும் செய்யப் போவதில்லை. பருத்த கட்டை அடிக்கடி வருமானால், நிறுத்திப் பிளக்கவும் வசதியுள்ள மெஷின் நல்லது. உருட்டிக்கொண்டுபோய் அடித்தட்டில் நிறுத்தினால் போதும், தூக்க வேண்டாம். அதையும் மீறிய அளவு என்றால் செயின்சாவால் நாரோடு ஒட்டி நீளவாக்கில் பாதி ஆழம் இறக்கிவிட்டு ஆப்படித்துப் பிரித்துவிடுங்கள். நாலு முனை ஆப்பு ஒரே தள்ளில் நாலாக்கித் தரும், ஆனால் நேரான, நடுத்தரக் கட்டைக்கு மட்டும்தான். கணுக்கட்டை அதில் சிக்கிக்கொண்டால் எடுக்கப் படாத பாடு படுவீர்கள். கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் வாங்குங்கள்.

சுழல் சக்கரத்தின் வேகத்தில் அடிக்கிற ஸ்பிளிட்டரும் இருக்கிறது. இரண்டு மூன்று நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும், நேர் மரத்துக்கு அபாரம். உங்களுக்குத் தோப்பு மரமும் சாய்ந்த மரமும் கலந்து வருவதால் கணு நிறைய இருக்கும், அதனால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். டிராக்டரில் மாட்டுகிற திருகுக் கூம்பு ஸ்பிளிட்டரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது கட்டையைப் பிடித்துச் சுழற்றும், கையுறையோ சட்டை நுனியோ பட்டால் ஆளையும் இழுக்கும், அவசரத்துக்கு நிறுத்த நேரம் கிடைக்காது.

டிராக்டர் இருப்பதால் பி.டி.ஓ.வில் (டிராக்டர் இன்ஜினால் பின்பக்கம் சுழல்கிற தண்டு) ஓடுகிற ஹைட்ராலிக் ஸ்பிளிட்டர் வாங்கலாமே என்று தோன்றும். மெஷின் மலிவு, தனி இன்ஜின் பராமரிப்பு இல்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் டிராக்டர் நாள் முழுக்க ஸ்பிளிட்டரோடு கட்டிக் கிடக்கும், கட்டை கொண்டுவரவும் விறகு கொண்டுபோகவும் வண்டி இருக்காது. இருவர் மட்டும் உள்ள தொழிலில் இது பெரிய முடக்கம். தனி இன்ஜின் வைத்ததையே வாங்குங்கள். பி.டி.ஓ.வில் எதை மாட்டினாலும் தண்டின் மேலுறை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தோளில் தொங்குகிற துண்டு சிக்கினால் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பழைய ஸ்பிளிட்டர் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். தண்டைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் நீளவாக்கில் வருடுங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் சீல் அடிக்கடி போகும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ஆப்பின் அடியிலும், உத்தரத்தின் கடைசியில் தகடு சேர்கிற இடத்திலும் வெல்டிங் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்களிடம் இருக்கிற மிக மோசமான கணுக்கட்டை ஒன்றைக் கூடவே கொண்டுபோய், மெஷின் அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு அதில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த ஆயிலில் எல்லா மெஷினும் பலசாலிதான்.

புகைகிறது என்று திருப்பி அனுப்பினார்களே, அந்தக் குறைக்கு எந்த ஸ்பிளிட்டரும் மருந்து இல்லை. அதற்கான சாமான் உள்ளங்கை அளவு, இரண்டு முள் வைத்த ஈரம் பார்க்கும் மீட்டர். முதல் வாரமே வாங்க வேண்டியது அதுதான். விறகின் வெளிப்பக்கத்திலோ வெட்டுமுனையிலோ குத்தினால் காய்ந்த மாதிரி காட்டி ஏமாற்றும். ஒரு விறகை அப்போதே பிளந்து, புதுசாகத் திறந்த முகத்தின் நடுவில், நார் ஓடுகிற திசையில் இரண்டு முள்ளையும் குத்த வேண்டும். பெரும்பாலான மீட்டர்கள் தண்ணீரை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுக் காட்டும். அதனால் மீட்டர் 25 காட்டினால் மொத்த எடையில் 20 சதவீதம் தண்ணீர் என்று பொருள். மீட்டர் 25-க்குக் கீழே காட்டுகிற விறகைத்தான் வண்டியில் ஏற்றுங்கள். 30-க்கு மேல் காட்டுகிற எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 'இன்னும் பச்சை' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்குக் கட்டை வாங்குகிறவராக இருந்தால் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். எடையில் பாதி தண்ணீராக இருக்கிற பச்சைக் கட்டை ஒரு டன் வாங்குகிறீர்கள். உள்ளே மரம் 500 கிலோ. அது 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் மொத்தம் 625 கிலோ. 375 லிட்டர் தண்ணீர் காற்றில் போயிருக்கும். நீங்கள் எடைக்கு வாங்கி எடைக்கு விற்பவராக இருந்தால், விலை வைக்கும்போது இந்த 375 உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். அதை மறந்ததாலேயே நட்டத்தில் போன விறகுக்காரர்களை எனக்குத் தெரியும். காய வைக்காமல் அவசரமாக விற்றால் எடை லாபம், ஆனால் அந்த 375 லிட்டரை வாங்கியவரின் அடுப்பு கொதிக்க வைத்து விரட்ட வேண்டும். புகை அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே வந்த கட்டையை முழுசாகப் போட்டு வைக்காதீர்கள். பட்டை மூடியிருக்கிற வரை உள் ஈரம் வெளியே வர வழியில்லை, நார் முனைகள் வழியாகத்தான் வர வேண்டும். வந்த சூட்டோடு அறுத்துப் பிளந்து, தரையில் படாமல் பலகைத் தட்டு மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களைத் தார்ப்பாயால் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மரத்தையும் வெயில், காற்றையும் பொறுத்து ஆறு மாதமும் ஆகும், ஒன்றரை வருஷமும் ஆகும். தேதியை எழுதி அட்டியில் மாட்டுங்கள், ஆனால் விற்பனைக்குத் தயாரா என்பதை மீட்டர் சொல்லட்டும்.

ஆறாவதைத் தட்டு அழித்ததோடு, என்னுடைய 11-ஐ 6 ஆக்கியது இந்த இடத்தில் செய்த ஒரு மாற்றம். 1000 லிட்டர் திரவத் தொட்டிகளைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கும். தொட்டி வீணானதும் கூண்டைத் தனியாக விற்பார்கள். ஸ்பிளிட்டருக்குப் பக்கத்திலேயே கூண்டை வைத்துவிடுங்கள், பிளந்தது மேடையில் இருந்து நேராகக் கூண்டுக்குள் விழும். நிறைந்ததும் டிராக்டரின் பின்பக்கம் மாட்டிய ஃபோர்க்கால் (அடியில் நுழைத்துத் தூக்குகிற இரண்டு இரும்புக் கரங்கள்) தூக்கி வெயிலில் வைத்துவிடலாம். காய்ந்ததும் அதே கூண்டைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றிவிடலாம். எறிவது, சுமப்பது, அடுக்குவது, பிரித்து ஏற்றுவது எல்லாம் போய்விட்டது. தாறுமாறாக விழுந்த விறகில் இடைவெளி அதிகம் என்பதால் காற்றும் நன்றாக ஓடும். முன்பு எதற்குப் பயன்பட்ட தொட்டி என்று கேட்டு, ரசாயனம் வைத்ததைத் தவிர்த்துவிடுங்கள். நிறைந்த பச்சைக் கூண்டு 500 கிலோ வரை வரும். உங்கள் டிராக்டரின் பின்தூக்கி அதை எடுக்கும், ஆனால் முன்சக்கரம் லேசாகிவிடும், முன்னால் எடை மாட்டிக்கொள்ளுங்கள். கூண்டு சரிப்படாத இடத்துக்கு, விறகை ஓடுகிற பட்டையில் ஏற்றிக் கொண்டுபோகிற ஒரு சின்னக் கன்வேயர் போடலாம். ஃபோர்க் இருக்கும்போது நான் கூண்டுக்கே முதல் ஓட்டு போடுவேன். குனியாமல் விறகைக் கொத்தி இழுக்க நீளப் பிடி வைத்த கொக்கி இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரெய்லரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பச்சை மரம் கெட்டியாக ஒரு கன மீட்டர் இருந்தால் ஏறக்குறைய ஒரு டன். இடம் இருக்கிறதே என்று ஏற்றாமல், பிரேக் தாங்குமா என்று பார்த்து ஏற்றுங்கள்.

மைத்துனரிடம் புராசஸரைப் பற்றி இப்படிச் சொல்லுங்கள். அது நல்ல மெஷின்தான், ஆனால் நேரான, ஒரே மாதிரிப் பருமனுள்ள கட்டை தினமும் தடையில்லாமல் வர வேண்டும், அதை மேடையில் ஏற்றித் தர லோடர் வேண்டும், அது துப்புகிற விறகை வாங்கிக்கொள்ளக் கன்வேயரோ கூண்டோ தயாராக இருக்க வேண்டும். கோணல் கிளையும் கவட்டையும் உள்ளே போனால் வேலை நின்று நின்று நடக்கும். உங்களுக்கு வருகிற கட்டை அந்த ரகம்தான். கடன் தவணைக்கு மட்டும் கோணல் கிடையாது, மாதம் தவறாமல் வந்து நிற்கும். நேர் மரம் தருகிற ஒரு இடத்தோடு நிலையான ஏற்பாடு வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம்.

கடைசிக் கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் லிவர் போட என்று வேலை செய்யாதீர்கள். ஸ்பிளிட்டரில் விரல் போகிற விபத்துகளில் எனக்குத் தெரிந்த மூன்றும் இப்படி நடந்தவைதான். பிடித்திருப்பவர் கட்டையைச் சரி செய்ய ஒரு கணம் கையை நகர்த்துவார், அவர் தலையசைத்ததை மற்றவர் 'போடு' என்று எடுத்துக்கொள்வார். இன்ஜின் சத்தத்தில், காது மூடியோடு, ஒரு சொல்லும் கேட்காது. கட்டையை வைக்கிற கைதான் லிவரையும் தொட வேண்டும். கையைப் பக்கவாட்டில் வையுங்கள், வெட்டுமுனையில் ஒரு நாளும் வைக்காதீர்கள், அங்கே ஒரு விரிசல் திறந்து மூடினாலும் விரல் உள்ளே போய்விடும். இரண்டு கையையும் வைத்தால்தான் ஓடும் என்கிற மெஷினில் ஒரு லிவரைக் கயிற்றால் கட்டி வைக்கிற பழக்கமும் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம்.

ஹோஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை அளவு ஓட்டையில் இருந்து வருகிற ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கையே பறிபோகிற நிலை வரும். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், ஆயில் பட்டு நனைகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி எப்போதாவது குத்திவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளி நின்று அறுக்கட்டும், மற்றவர் தனியாகப் பிளக்கட்டும். மணிக்கொரு முறை மாற்றிக்கொண்டால் அதிர்வில் கை மரத்துப் போவதும் குறையும். சுண்ணாம்புக் கோடு போட்ட கட்டையின் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், வரிசையாக, எது எத்தனை நிமிஷம் எடுத்தது என்பதோடு. டிராக்டரின் பின்தூக்கி எத்தனை கிலோ தூக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூண்டா கன்வேயரா, ஸ்பிளிட்டருக்கு எந்த விட்டம் சிலிண்டர் என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடலாம். அதுவரை அந்த 35 டன் மெஷினுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.